நான்கு வருடம் புழங்கிய ஒரு ‘நேச்சுரல் சாட்டின்’ கிட்டார்

இந்தக் கிட்டாரை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வாங்கிய வாரமே விமர்சனம் எழுதியிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன்: மரம் அழகு, சத்தம் தெளிவு, கை வழுக்கிக்கொண்டு போகிறது, வாங்கலாம். நல்லவேளை எழுதவில்லை. கிட்டாரின் பூச்சு முதல் நாளில் தன் குணத்தைக் காட்டாது. கையோடும் வியர்வையோடும் வெளிச்சத்தோடும் பழகிப் பழகித்தான் அது என்ன மாதிரி ஆள் என்று தெரியவரும். இப்போது என் கிட்டாரில் வலது முன்கை படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு விழுந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் மங்கலாக இருக்க, அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னுகிறது. விற்றவர் இதைச் சொல்லவில்லை. கேட்கத் தோன்றும் அளவுக்கு அன்று எனக்கும் விவரம் இல்லை.

முதலில் கிட்டார். ட்ரெட்நாட் என்கிற பெரிய உடம்பு வகை இல்லை. இடை ஒடுங்கிய சின்ன உடம்பு. முகப்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மஹோகனி. எல்லாமே முழுப்பலகை, ப்ளைவுட் கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எடைபோடுவது பூச்சை மட்டும்தான், இதே மாதிரிப் பூச்சைப் பல கம்பெனிகள் போடுகின்றன. விவரச் சீட்டில் ஃபினிஷ் என்ற இடத்தில் இரண்டே சொல்: ‘நேச்சுரல் சாட்டின்’. மரத்தை இழைத்து, மேலே எதையோ லேசாகத் துடைத்துவிட்டு அப்படியே அனுப்பியிருக்கிறார்கள் என்று அதை அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பச்சை மரத்தையே தொடுகிறோம் என்ற நினைப்பில் ஒரு சுகம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பாதி அதற்காகத்தான் வாங்கினேன்.

நினைத்தது தப்பு. நேச்சுரல் என்பது நிறத்தின் பெயர். சன்பர்ஸ்ட், கறுப்பு, செர்ரி சிவப்பு என்று நிறங்களை அடுக்கும்போது, மரம் தெரியும்படி விட்ட வகைக்கு நேச்சுரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே பூசியது எது, எத்தனை கனம், எவ்வளவு காலம் தாங்கும் என்பதையெல்லாம் அந்தச் சொல் சொல்லாது. கண்ணாடி மாதிரி மின்னும் பாலியெஸ்டர் பூசியதும் நேச்சுரல்தான், துணியால் அரக்கு தேய்த்ததும் நேச்சுரல்தான். சாட்டினும் ஒரு பொருளின் பெயர் இல்லை. எவ்வளவு மின்னுகிறது என்பதற்கான அளவு, அதிகம் மின்னாத மங்கல் வகை, அவ்வளவே. ஆக அந்தச் சீட்டை முழுக்கப் படித்த பிறகும் பூச்சைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

சில சமயம் அந்த நிறம்கூட மரத்துடையதாக இருக்காது. என் முதல் கிட்டார் பன்னிரண்டு வருடப் பழசு. நல்ல தேன் நிறம், முகம் பார்க்கலாம் போல மின்னும் க்ளாஸ் (gloss) பூச்சு. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கதவுத் தாழ்ப்பாளில் இடித்து, கீழ் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். தரையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேன் நிறம் மொத்தமும் அந்தச் சில்லில் இருந்தது. அது பெயர்ந்த இடத்தில் தெரிந்த மரமோ வெளிறிப்போய், தீக்குச்சி நிறத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக ‘மரம் எப்படிப் பழுத்திருக்கிறது பார்’ என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். பழுத்தது மரம் இல்லை, ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து வந்த சாயம். லாக்கர் என்கிற ஸ்ப்ரே பூச்சில் கொஞ்சம் அம்பர் நிறம் கலந்து அடிப்பதற்கு டோனர் என்று பெயர். புதுக் கிட்டாருக்கு முப்பது வருட முகத்தை முதல் நாளே கொடுத்துவிடும். ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் சீட்டிலும் ‘நேச்சுரல்’ என்றுதான் போட்டிருந்தது.

அந்தச் சில்லின் கனத்தையும் சொல்ல வேண்டும். விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தால் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் தடிப்பு. கிட்டாரின் முகப்பலகையே சாதாரணமாக இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். அதன்மேல் அஞ்சலட்டை கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல மெல்லிய பூச்சு என்றால் சாதாரணத் தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் பக்கத்தில் இருக்கும். கொஞ்சம் கூடுதல் என்றால் 0.15. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விளிம்பில் அடிபட்ட பிறகுதான் தெரிகிறது.

சில்லை ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டு, கிட்டார் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப்போனேன். பள்ளத்தில் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, மட்டம் தட்டி, நீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தார். கை வைத்தால் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் ஒரு கோடு தெரியும்.

“இது போகாதா அண்ணே?”

“போகாது தம்பி. பாலி ஒருதடவை இறுகிச்சுன்னா இறுகினதுதான். மேல என்ன போட்டாலும் அது கூடச் சேராது. பக்கத்துல போய் உக்காந்துக்கும், அவ்வளவுதான்.”

பூச்சுகளைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விளக்கம் அதுதான். பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் ரசாயன மாற்றத்தால் இறுகுபவை. இறுகிய பிறகு எந்தத் தின்னரிலும் திரும்பக் கரையாது. அரக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் வேறு ஜாதி: கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலமாக நிற்பவை. அதே கரைப்பானைத் திரும்பக் காட்டினால் இளகும். அதனால்தான் அவற்றில் புதுப் பூச்சு பழையதோடு உருகி ஒன்றாகிவிடுகிறது. கீறல் விழுந்தாலும் தடம் தெரியாமல் மூடலாம். அதே காரணத்தால்தான் அவை எளிதில் கெட்டும்போகின்றன.

கெடுத்த கதை என்னிடமே இருக்கிறது. மூன்றாவதாக ஒரு பழைய க்ளாசிக்கல் கிட்டார் வைத்திருக்கிறேன், சீடர் முகப்பலகை, ஃப்ரெஞ்ச் பாலீஷ். பெயர்தான் ஃப்ரெஞ்ச், பூசுவது அரக்கு. பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பானிய கிட்டாருக்கு இன்றைய வடிவம் கொடுத்த அந்தோனியோ தெ தோரெஸ் காலத்திலிருந்து க்ளாசிக்கல் கிட்டார் செய்பவர்கள் இன்னும் இதை விடவில்லை. வேறு எதையும் இவ்வளவு மெல்லியதாகப் பூச முடியாது என்பது அவர்கள் கட்சி.

ஒருநாள் கையில் சானிடைசர் தடவிக்கொண்டு, காய்ந்துவிட்டது என்ற நினைப்பில் அந்தக் கிட்டாரைத் தூக்கினேன். கட்டைவிரல் முகப்பலகையின் ஓரத்தில் பட்டது. ஏதோ ஒட்டுகிறதே என்று எடுத்துப் பார்த்தால், அங்கே என் ரேகை. பத்திரத்தில் கைநாட்டு வைத்ததுபோல ஒவ்வொரு சுழியும் தெளிவாகப் பதிந்திருந்தது. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால், அரக்கைக் கரைப்பதும் ஆல்கஹால். இதைப் பள்ளிக்கூடத்துப் பையனே சொல்லியிருப்பான், எனக்கு அந்த நிமிடம் தோன்றவில்லை.

மறுபடி அதே அண்ணன். அவர் திட்டவில்லை, சிரித்தார், அது இன்னும் மோசம். துணிப் பொட்டலத்தில் அரக்குக் கரைசலை ஊறவைத்து, பொட்டலத்தின் முகத்தில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு, ரேகை இருந்த இடத்தில் எட்டு எட்டாகச் சுற்ற ஆரம்பித்தார். கையை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் பொட்டலம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். துணி போன வழியில் ஆவி படர்ந்ததுபோல ஒரு மங்கல் வந்து, அடுத்த நொடி மறைந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம். மறுநாள் ஒரு சுற்று, அடுத்த வாரம் ஒரு சுற்று. இன்று அந்த இடத்தை நீங்கள் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தாழ்ப்பாளில் இடித்த அந்த முரட்டுக் கிட்டாரில் தழும்பு நிலைத்துவிட்டது, தொட்டாலே ரேகை விழுகிற இதில் சுவடே இல்லை.

சரி, சாட்டின் கிட்டாருக்கு வருகிறேன். அதில் பூசியது எது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். தோள்வார் மாட்டுகிற ஸ்ட்ராப் பட்டனைக் கழற்றி, அதன் அடியில் வெளியே தெரியாத இடத்தில் பஞ்சுக் குச்சியால் ஸ்பிரிட் தொட்டு வைத்தார். ஒன்றும் ஆகவில்லை, அதனால் அரக்கு இல்லை. அடுத்து லாக்கர் தின்னர். சில நொடியில் பஞ்சு ஒட்டியது. நைட்ரோ. ஒன்றுமே அசையாமல் இருந்திருந்தால் பாலி வகை என்று அர்த்தம். இதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், ஒரு சொட்டு வழிந்தால் காலத்துக்கும் தழும்பு. எனக்கே அவர் பஞ்சுக் குச்சியைக் கையில் தரவில்லை.

நைட்ரோ பற்றிக் கொஞ்சம். 1920களில் கார்களுக்குச் சீக்கிரம் காய்கிற பெயின்ட் தேடியபோது பிரபலமான சரக்கு, அங்கிருந்து கிட்டாருக்கும் வந்தது. பழைய சினிமா ஃபிலிம் பற்றி எரியும் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே குடும்பம். இன்னொரு பக்கத்து உறவு வெடிபஞ்சு. அரக்கு மாளிகை கதை தெரிந்தவர்களுக்குப் பூச்சில் நெருப்பு ஒளிந்திருப்பது புதிதல்ல. காய்ந்து படிந்த பிறகு கிட்டாரில் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம், பட்டறையில் ஸ்ப்ரே அடிப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சீக்கிரம் காய்ந்தாலும், முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். புறஊதா விளக்குக்குக் கீழே வைத்தால் நிமிடங்களில் இறுகிவிடும் பாலியெஸ்டருக்கு டெய்லர் கிட்டார் நிறுவனம் 1990களில் மாறியதற்கு இதெல்லாம் காரணம் என்று எளிதாக ஊகிக்கலாம். பாலி என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெல்லியதாக அடித்த பாலியெஸ்டர் நன்றாகவே இருக்கிறது. என் முதல் கிட்டாரின் குற்றம் அதன் தடிப்பு.

என்னுடையது நைட்ரோ என்று தெரிந்ததும் முதல் வேலையாக ஸ்டாண்டை மாற்றினேன். சில ரப்பரும் வினைலும் நைட்ரோவோடு ஒட்டி உறவாடும். அவற்றில் உள்ள இளக்கும் பொருள் பூச்சுக்குள் இறங்கி, படுகிற இடத்தைப் பிசுபிசுப்பாக்கி நிறத்தையும் மாற்றிவிடும். ஒரு வருடமாக அந்தக் கிட்டார் ரப்பர் கைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தலைப்பக்கத்துக்குக் கீழே, கழுத்தின் இரண்டு ஓரத்திலும் ஏற்கெனவே மங்கலான இரண்டு தழும்புகள். இப்போது ஸ்டாண்டின் கைகளில் பழைய பருத்தித் துணி சுற்றியிருக்கிறேன். பார்க்க அடிபட்டுக் கட்டுப் போட்டது மாதிரி இருக்கும், பரவாயில்லை. நான் சொல்வது: விவரச் சீட்டில் ‘நைட்ரோ’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்தத் தழும்பு வந்திருக்காது.

இனி சாட்டின். க்ளாஸுக்கு அடிக்கிற அதே லாக்கரில் சிலிக்கா போன்ற நுண்ணிய பொடியைக் கலந்தால், காய்ந்த பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக நிற்கும். வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறும், நமக்கு மங்கலாகத் தெரியும். அந்த மேடுகளைக் கையும் சட்டையும் நாள் பட்டுத் தேய்த்து மட்டமாக்கும்போது அந்த இடம் பளபளக்கிறது. என் முன்கை நான்கு வருடமாகச் செய்துகொண்டிருப்பது இலவச மெருகு வேலை. சாட்டின் கிட்டாரைப் பாலீஷ் போட்டுத் துடைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஆர்வக்கோளாறில் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்தால் அங்கே மட்டும் மின்ன ஆரம்பித்துவிடும்.

அப்புறம் சாட்டின் என்றாலே மெல்லிய பூச்சு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக அப்படி அமைவது உண்டு, ஏனென்றால் கண்ணாடி மட்டம் வரும்வரை அடுக்கடுக்காக அடித்துத் தேய்க்கும் வேலை இதில் இல்லை. ஆனால் தடிப்பாக அடித்துக் கடைசிப் பூச்சை மட்டும் சாட்டினாக விட்டாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

மெல்லியதா என்று பார்க்க எனக்கு உதவியது முதுகுப் பக்கம். மஹோகனியில் நீள நீளமாக நுண்துளைகள் இருக்கும், ஊசியால் கீறியதுபோல. க்ளாஸ் அடிக்கிறவர்கள் முதலில் ஒரு ஃபில்லர் பசையால் அவற்றை அடைப்பார்கள். என் கிட்டாரில் அடைக்கவில்லை, ஓப்பன் போர் என்கிற வகை. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு துளையும் கூர்மையான விளிம்போடு தெரிகிறது, நகத்தால் குறுக்கே இழுத்தால் சின்னச் சின்னதாகத் தட்டுகிறது. தடிப்பாக அடித்திருந்தால் அந்த விளிம்புகள் உருண்டு மழுங்கியிருக்கும். முகப்பலகையில் இந்தச் சோதனை செல்லாது. ஸ்ப்ரூஸில் அந்த மாதிரித் துளைகள் கிடையாது. மேப்பிளிலும் கண்ணுக்குத் தெரிகிற துளை இருக்காது.

ஓப்பன் போருக்கு என் முதல் புகார்: அழுக்கு. வாங்கிய ஆறாவது மாதம் யாரோ சொன்னார்கள் என்று பால் மாதிரி இருந்த ஒரு கிட்டார் பாலீஷை வாங்கி முதுகில் தடவினேன். காய்ந்ததும் துளைக்குத் துளை வெள்ளைக் கோடு. செம்பழுப்பு மரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தது. ஈரத் துணியால் துடைத்தால் மேலே இருந்தது போனது, துளைக்குள் இருந்தது போகவில்லை. குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷை லேசாக நனைத்து, இழைகளின் போக்கிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். இன்றும் கழுத்து உடம்போடு சேருகிற குதிகால் பக்கத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் மிச்சம். அதற்குப் பிறகு வாயால் ஊதி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி.

இரண்டாவது புகார் கண்ணுக்கு. நான் வாங்கிய பலகையில் ஒரு பொக்கிஷம் இருந்தது. ஸ்ப்ரூஸில் அபூர்வமாக இழைகள் நெளிந்து, கரடி நகத்தால் கீறியதுபோலக் குறுக்குக் கோடுகள் வரும், பேர்க்ளா என்பார்கள். என் கிட்டாரில், தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு வலப்பக்கம் மூன்று கோடுகள். க்ளாஸ் பூச்சில் கிட்டாரை அசைத்தால் இந்தக் கோடுகள் பட்டுப்புடவை மடிப்பு மாதிரி வெளிச்சத்தில் ஓடும். சாட்டினில் அப்படி ஓடாது. மரத்துக்கும் கண்ணுக்கும் நடுவே மெல்லிய பனி மாதிரி ஒன்று நிற்கிறது. மரத்தை அப்படியே காட்டுவது சாட்டின் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. மரத்தின் ஆழத்தைக் காட்டுவது க்ளாஸ்தான். மரத்தைத் தொட்டதுபோன்ற உணர்வைத் தருவது சாட்டின். இரண்டும் வேறு வேறு.

தொடுவதில் அது ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. என் கை நன்றாக வியர்க்கும். முதல் கிட்டாரின் க்ளாஸ் கழுத்தில் அரை மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் அடியில் பசை தடவியதுபோலப் பிடிக்கும். முதல் ஃப்ரெட்டிலிருந்து ஏழாவதுக்குப் போகும்போது கை நின்று நின்று போகும். சாட்டின் கழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவு சுகம் என்று தெரிந்ததும், பழைய கிட்டாரின் கழுத்துப் பின்புறத்தை மட்டும் சாம்பல் நிற நார்ப் பட்டையால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினேன். இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டிக்கொண்டு பதினைந்து நிமிட வேலை. வாசிப்பில் அதைவிடப் பெரிய மாற்றத்தை எந்தத் தந்தி மாற்றியும் நான் பார்த்ததில்லை. கழுத்து சாட்டின், உடம்பு க்ளாஸ் என்று சிலர் செய்து விற்கிறார்கள், புத்திசாலிகள்.

சத்தம்? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தடித்த பூச்சு பலகையின் எடையைக் கூட்டும், அதிர்வை அடக்கும், அதனால் உச்ச ஒலிகள் மங்கும். இயற்பியல் அவ்வளவுதான். என் சாட்டின் கிட்டார் முதல் கிட்டாரைவிட நூறு மடங்கு உயிரோடு ஒலிக்கிறது. ஆனால் முதல் கிட்டார் ப்ளைவுட், உள்ளே தாங்கு கட்டைகளும் தடிமன். இத்தனை வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ‘பூச்சால்தான் இந்தச் சத்தம்’ என்று சொன்னால் அது பொய். தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழில் செய்து, முகப்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலியின் பெரும் பங்கு முகப்பலகைதான் என்று காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. பூச்சால் சத்தம் மாறும் என்றால் முகப்பலகையின் பூச்சால்தான் மாறும். முதுகில் எவ்வளவு மின்னினாலும் நான் கவலைப்படமாட்டேன்.

ப்ளைவுட்டா முழுப்பலகையா என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி: முகப்பலகையின் நடுவிலிருக்கும் ஓட்டையின், அதாவது சவுண்ட் ஹோலின், வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் இழைக் கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் முழுப்பலகை. நடுவில் வேறு அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். சில கிட்டார்களில் அந்த விளிம்பையும் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். ஏன் மூடினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஈரப்பதத்துக்கும் பூச்சை நம்பி இருக்க வேண்டாம். கிட்டாரின் உள்பக்கத்துக்குப் பொதுவாகப் பூச்சு அடிப்பதில்லை, விரல்பலகையும் பிரிட்ஜும் பெரும்பாலும் வெறும் மரம். வெளியே எத்தனை படலம் இருந்தாலும் உள்ளிருந்து ஈரம் போகும், வரும். அறையில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது, பசை இளகிப் பிரிட்ஜே எழும்பிவிடும்.

நிறம் பழுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தக் கிட்டார் என்னை மயக்கியது அதில்தான். இது டோனர் போடாத உண்மையான பழுப்பு. வாங்கும்போது பலகை காகித வெள்ளையாக இருந்தது. வெளிச்சமும் காற்றும் படப் பட ஸ்ப்ரூஸ் தானாகப் பழுக்கும், மேலே இருக்கும் நைட்ரோவும் கூடவே மஞ்சளிக்கும். தினமும் பார்க்கிறவனுக்கு மாற்றம் தெரியாது, பிள்ளை வளர்வது பெற்றவளுக்குத் தெரியாத மாதிரி. போன மாதம், வாசிக்கும்போது முகப்பலகை கீறாமலிருக்க ஒட்டுகிற தகடான கறுப்புப் பிக்கார்டின் ஓரம் எழும்பிவிட்டது என்று அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஹேர் ட்ரையரால் சூடு காட்டி, மெதுவாக, தோல் உரிப்பதுபோல உரித்து எடுத்தார். அடியில் பிக்கார்டின் வடிவத்தில், கண்ணீர்த்துளி மாதிரி ஒரு வெள்ளைப் பலகை. நான்கு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கிய கிட்டார் அங்கே இருந்தது. சுற்றிலும் இளம் தேன் நிறம். இது ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து வந்ததல்ல.

“இதைச் சரிக்கட்ட வெயிலில் வைக்கலாமா அண்ணே?”

“வெச்சா எல்லாந்தான் கறுக்கும். சும்மா விடு, அதே பிக்கார்டைத் திரும்ப ஒட்டித் தர்றேன்.”

இந்தப் பூச்சை யாருக்குச் சொல்வேன் என்றால், தினமும் எடுத்து வாசிக்கிறவர்களுக்கு, கை வியர்க்கிறவர்களுக்கு, தழும்பைப் பார்த்து மனசு உடையாதவர்களுக்கு. கிட்டாரைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறவர்கள் க்ளாஸ் வாங்கட்டும். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீட்டில் மெல்லிய பாலியெஸ்டர்தான் நிம்மதி. அரக்குப் பூச்சுக் கிட்டார் ஆசையாக இருந்தால் சானிடைசரை வேறு அறையில் வையுங்கள். எதை வாங்கினாலும் ‘நேச்சுரல்’ என்ற சொல்லைத் தாண்டி மூன்று கேள்வி கேளுங்கள்: பூசியது எது, நிறம் கலந்திருக்கிறதா, துளைகளை அடைத்திருக்கிறார்களா. விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம்.

பிக்கார்டை ஒட்டி முடித்த அண்ணன், முன்கை படுகிற அந்தப் பளபளப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நுண்ணிய ஸ்டீல் ஊல் போட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் மங்கிவிடும், சுற்றியிருக்கிற இடத்தோடு சேர்ந்துபோகும், செய்யட்டுமா என்றார். கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.